தொங்குற இடம்தான் விஷயமே

ஹேங் கிளைடர் படம் பார்த்திருப்பீங்க. முக்கோண ரெக்கைக்குக் கீழே ஒரு ஆள் குப்புறத் தொங்கிட்டுப் போவார். ஸ்டியரிங் கிடையாது, சுக்கான் கிடையாது. அவர் உடம்புதான் ஸ்டியரிங். இந்த ஐடியா சரியா அமைய எழுபது வருஷம் ஆச்சு. நடுவில் ஒரு நல்ல மனுஷனைப் பறிகொடுத்தோம்.

ஓட்டோ லிலியந்தால். ஜெர்மன் இஞ்சினியர். பறவைகள் பறப்பதைப் பற்றி 1889-ல் புத்தகம் போட்டவர். 1891-லிருந்து சுமார் 2000 தடவை பறந்தார். இதற்காகவே 1894-ல் பெர்லின் பக்கம் 15 மீட்டர் உயரத்துக்கு மேடு கட்டிக்கிட்டார்!

சிக்கல் எங்கேன்னா, அவர் முழங்கைகளை ரெக்கையின் சட்டத்தில் கொடுத்துத் தொங்குவார். அதனால் தோளும் மார்பும் ரெக்கையோடு கட்டுண்டு போச்சு. இடுப்புக்குக் கீழேதான் ஆட்ட முடியும். மூக்கு தூக்கினா காலை முன்னால் வீசணும். காலை மட்டும் வீசி எவ்வளவு எடையை நகர்த்திட முடியும்?

1896 ஆகஸ்ட் 9, கோலன்பெர்க் குன்று. மூக்கு தூக்கிருச்சு. இறக்கப் பார்த்தார், முடியலை. ரெக்கை ஸ்டால் ஆகி 15 மீட்டரிலிருந்து விழுந்தார். கழுத்தெலும்பு முறிஞ்சு மறுநாள் இறந்துட்டார். வயசு 48.

அந்தச் சாவுச் செய்தி ரைட் சகோதரர்களை ரொம்பவே யோசிக்க வெச்சது. உடம்பை ஆட்டுற வேலையே வேண்டாம்னு ரெக்கையை முறுக்கித் திருப்பும் வழிக்குப் போனாங்க. விமானம் பெரிசாக ஆக ஆளோட எடை எடுபடாது இல்லையா, அவங்க கணக்கு சரிதான். ஆனா சின்ன கிளைடருக்கு?

1963, ஆஸ்திரேலியாவின் கிராஃப்டன். ஜான் டிக்கன்சன், ரோகாலோவின் வளையும் ரெக்கையை எடுத்துக்கிட்டு, ஆளை ஈர்ப்பு மையத்துக்கிட்ட ஒரே புள்ளியில் தொங்க விட்டார், ஊஞ்சல் மாதிரி. கையில் பிடிக்க, ரெக்கையோடு இறுக்கிய ஒரு முக்கோணச் சட்டம். அதைத் தள்ளினா மொத்த உடம்பும் பின்னால் போகும், மூக்கு தூக்கும், வேகம் குறையும். இழுத்தா உடம்பு முன்னால் வரும், மூக்கு இறங்கும், வேகம் கூடும். இடதுபக்கம் நகர்ந்தா இடதுபக்கம் திரும்பும். கிளைடர் 30 கிலோன்னா ஆள் 70 கிலோ, அத்தனையும் நகருது.

கையை எடுத்துட்டாலும் எடை அந்தப் புள்ளியில் நேரா இறங்கும், கிளைடர் தன் சமநிலை வேகத்துக்குத் தானே வந்துடும். அந்தப் பட்டையைச் சில சென்டிமீட்டர் முன்னே பின்னே மாட்டினா அந்த வேகமே மாறிடும்.

என்னைக் கேட்டா, லிலியந்தால் பிடிச்ச வழி தப்பில்லை. கட்டிக்கிட்ட இடம்தான் தப்பு. அடுத்த தடவை ஹேங் கிளைடர் பார்த்தா ரெக்கையை விடுங்க, பட்டை எங்கே மாட்டியிருக்குன்னு பாருங்க :-)