வராமற்போன விருந்தாளி

ராஜஸ்தானத்தில் பரத்பூர் என்று ஒரு பழைய சமஸ்தானம். ஊருக்கு வெளியே, கேவலாதேவ் என்ற சிவன் கோயிலைச் சுற்றிப் பெரிய சதுப்பு நிலம். அங்கே ஒரு கல்வெட்டைப் பார்த்தேன். கல்வெட்டு என்றதும் நிவந்தமோ தானமோ என்று எண்ணிவிடாதீர்கள். எந்தத் தேதியில் எந்தப் பிரபுவின் வேட்டையில் எத்தனை பறவைகள் விழுந்தன என்ற கணக்கு! 1938 நவம்பர் 12-ல், வைஸ்ராய் லின்லித்கோ பிரபுவின் வேட்டையில் மட்டும் 4,273.

மகாராஜாக்கள் வாத்து வேட்டைக்காகத் தண்ணீர் தேக்கிய இடம் இது. அந்தத் தண்ணீரை நம்பி வந்த விருந்தாளிகளில் ஒன்று சைபீரியக் கொக்கு. தூய வெள்ளை உடல், சிவந்த முகம். ஜஹாங்கீரின் ஓவியர் மன்ஸூர் இதைத் தீட்டி நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, 1773-ல்தான் பல்லாஸ் என்ற விஞ்ஞானி இதற்குப் பெயர் சூட்டினார்.

பனி உருகியதும் சைபீரியாவில், ஆப் நதிப் பக்கத்துச் சதுப்பில் கூடு கட்டும். முட்டை இரண்டு; தேறுவது பெரும்பாலும் ஒரே குஞ்சு. அதை அழைத்துக்கொண்டு தாயும் தகப்பனும் ஐயாயிரம் கிலோமீட்டர் பறந்து வரும். ஆப்கானிஸ்தானத்து ஏரியில் இளைப்பாறி, குளிர்காலத்தில் பரத்பூர் சேரும். கிழங்கு தோண்டித் தின்னும். மார்ச் வாக்கில் திரும்பிவிடும். குஞ்சுக்குப் பிறவியிலேயே வழி தெரியாது. பெற்றோர் கூட வந்து காட்டினால்தான் உண்டு.

1964-65 குளிர்காலத்தில் சுமார் 200 கொக்குகள் வந்தன. 1992-93-ல் ஐந்து. பரத்பூரில் துப்பாக்கி ஓய்ந்த பிறகும் வழியில் ஓயவில்லை. கூண்டில் வளர்த்த குஞ்சுகளை வேறு ஜாதிக் கொக்குகளோடு சேர்த்து அனுப்பிப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. 2002-ல் கடைசி ஜோடி போயிற்று.

இனம் அடியோடு அழிந்துவிடவில்லை. கிழக்குச் சைபீரியாவில் பிறப்பவை இன்றும் சீனத்துப் போயாங் ஏரிக்கு வருகின்றன. அழிந்தது இந்தியாவுக்கு வரும் வழி.

எங்கள் குலதெய்வம் எந்த ஊரில் என்பது பாட்டி ஒருத்திக்குத்தான் தெரியும். கேட்டு வைத்துக்கொள்ள எங்களுக்கு அவகாசம் இல்லை. பாட்டி போய்விட்டாள். கோயில் எங்கேயோ இருக்கத்தான் இருக்கிறது.

ரிக்‌ஷாக்காரர் வண்டியை நிறுத்தி, "கடைசி ஜோடி அதோ அங்கேதான் நின்றது, சாகேப்" என்று கை நீட்டினார். வெறும் தண்ணீர்தான் தெரிந்தது. கொன்றதற்குக் கணக்கு எழுதிய கல்லைப் பார்த்தேன். அந்த இடத்தில் கல் எதுவும் என் கண்ணில் படவில்லை.