நிழலில் பத்து சதவீதம்

"நான் அந்தத் தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கறேன்."

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ஃபேன்டஸி விளையாட்டுகளில் இதைவிடச் சாதாரணமான வாக்கியம் கிடையாது. ஆனால் இதற்கு என்ன பதில் சொல்வது என்பதில் ஐம்பது வருடமாகச் சண்டை ஓயவில்லை. வாளை வீசுகிறேன் என்றால் பகடையை உருட்டி, பட்டதா இல்லையா என்று பார்த்துவிடலாம். ஒளிந்துகொள்வதில் அந்த வசதி இல்லை. நான் ஒளிந்திருக்கிறேனா என்பதைத் தேடி வருகிறவனின் கண் அல்லவா தீர்மானிக்க வேண்டும்?

இந்த விளையாட்டுகளின் கொள்ளுத்தாத்தாவுக்கு இந்தத் தலைவலி இருக்கவில்லை. 1824இல் பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் வெளியிட்ட கிரீக்ஸ்ஷ்பீல் என்ற போர் விளையாட்டில், இரு தரப்பும் உத்தரவுகளை எழுதி நடுவரிடம் கொடுக்கும். எதிரிக்குக் கண்ணில் படக்கூடிய படைகளின் கட்டைகளை மட்டும் அவர் வரைபடத்தில் வைப்பார். காட்டுக்குள் பதுங்கியிருக்கும் குதிரைப்படை அவர் மனசுக்குள்தான் இருக்கும். கட்டையை வைக்கவில்லை என்றால் ஒளிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டபோது, அவர்கள் போர் விளையாட்டு உலகத்து ஆட்கள் என்பதால், அந்த நடுவரும் கூடவே வந்துவிட்டார். (டன்ஜன் மாஸ்டர் என்ற பெயர் பின்னால் வந்தது.) பெட்டிக்குள் மூன்று சின்னப் புத்தகங்கள், ஆட மூன்றே வகைப் பாத்திரங்கள்: வீரன், மந்திரவாதி, மதகுரு. திருடன் கிடையாது. அப்போது யார் பதுங்கிப் போனார்கள்? எல்லோரும்தான். பூட்ஸைக் கழற்றிவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுச் சுவரோரமாகப் போகிறேன் என்று சொல்வீர்கள். நடுவர் யோசித்துத் தீர்ப்பு சொல்வார். எதிர்பாராமல் மோதிக்கொண்டால் ஆறு முகப் பகடை. 1 அல்லது 2 விழுந்த தரப்பு திடுக்கிட்டு நிற்கும்.

திருடன் வந்தது கலிஃபோர்னியாவிலிருந்து. சான்டா மோனிகாவில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் ஆடிக்கொண்டிருந்த குழுவின் யோசனை அது. தொலைபேசி வழியாகக் கைகாக்ஸின் காதுக்கு வந்து, அவர் கைவண்ணத்தில் 1975இன் கிரேஹாக் புத்தகத்தில் அச்சானது. ஆசையாகத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் அட்டவணையைப் பாருங்கள்: முதல் நிலைத் திருடன் சத்தமில்லாமல் நகர 20 சதவீத வாய்ப்பு, நிழலில் ஒளிய 10 சதவீதம். இரண்டும் சேர்ந்து பலிக்க 2 சதவீதம். ஐம்பது தடவை முயன்றால் ஒரு தடவை. அதே விளையாட்டில் மந்திரவாதி மூன்றாம் நிலைக்கு வந்துவிட்டால், மாயமாக மறையும் மந்திரத்தைச் சொல்வான், மறைவான். பகடையே வேண்டாம். பாவம், திருடன் வயிற்றெரிச்சலில் செத்திருப்பான். உண்மையிலேயே நிறையச் செத்தான். அவன் உயிர்ப்புள்ளிக்கு நான்கு முகப் பகடைதானே.

எனக்கு இந்த 10 சதவீதத்தைவிட உறுத்துவது இன்னொன்று. ஒளிவதைத் திருடனின் தனித்திறமை என்று எழுதியவுடனே, மற்றவர்களால் அது முடியாது என்ற எண்ணம் மேசைகளில் ஒட்டிக்கொண்டது. நேற்றுவரை தூணுக்குப் பின்னால் நின்ற வீரனுக்கு இன்றைக்கு அட்டவணையில் இடமில்லை. பழைய பாணியில் ஆடுகிறவர்கள் இதற்கு அழகாகச் சமாதானம் சொல்வார்கள்: தூணுக்குப் பின்னால் யாரும் ஒளியலாம், தூணே இல்லாமல் வெறும் நிழலில் கரைவதற்குத்தான் அந்தப் பகடை என்று. நல்ல வாசிப்புதான், நானும் அப்படித்தான் ஆட விரும்புவேன். ஆனால் அது 1975இன் வரிகளைவிட இவர்களுடைய நல்ல மனசிலிருந்துதான் வருகிறது என்று தோன்றுகிறது.

அடுத்த தகராறு, பகடையை யார் உருட்டுவது? நானே உருட்டி மோசமான எண் விழுந்தால், மாட்டிக்கொள்ளப்போகிறோம் என்று எனக்குத் தெரிந்துவிடும். என் திருடனுக்குத் தெரியாது. ஆனாலும் அவன் திடீரென்று ஞானோதயம் வந்தவன் மாதிரி, "வேண்டாம்டா, திரும்பிப் போயிடலாம்" என்பான். அதனால் 1989இன் இரண்டாம் பதிப்பில் டன்ஜன் மாஸ்டர் ரகசியமாக உருட்டினார்; ஒளிந்துவிட்டதாகத் திருடன் எப்போதும் நம்ப வேண்டும். இது எனக்குப் பிடித்த விதி. நிஜத்தில் ஒளிந்திருக்கும்போது வரும் அந்தப் பயம் இதில்தான் இருக்கிறது. ஆனால் தடுப்பு அட்டைக்குப் பின்னால் உருளும் பகடையை நம்ப வேண்டும். நம்பிக்கை இல்லாத மேசையில் இந்த விதி ஒரு மாலைகூடத் தாங்காது.

2000இல் வந்த மூன்றாம் பதிப்பு எல்லாவற்றையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. எவரும் ஒளிய முயலலாம். இருபது முகப் பகடையில் ஒளிபவன் உருட்டுவான், பார்ப்பவன் எதிர்த்து உருட்டுவான். ஜனநாயகம்! கணக்குதான் காலை வாரியது. ஒரு காவலாளி உங்களைக் கவனிக்க 20 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். ஐந்து காவலாளிகள் தனித்தனியாக உருட்டினால், யாராவது ஒருவன் கவனிக்க 67 சதவீதம். கூடவே இரும்புக்கவசம் போட்ட நண்பனும் தடதடவென்று வந்தால் கேட்கவே வேண்டாம். கடைசியில் திருடனைத் தனியாக அனுப்பிவிட்டு, மற்றவர்கள் அரைமணி நேரம் சிப்ஸ் தின்பார்கள். 2014இன் ஐந்தாம் பதிப்பு இதைக் கொஞ்சம் சரிசெய்தது: காவலாளிக்கு நிலையான ஒரு எண், குழுவில் பாதிப்பேர் தாண்டினால் எல்லோருக்கும் வெற்றி.

ஜான் ஹார்ப்பரின் பிளேட்ஸ் இன் தி டார்க் (2017) கேள்வியையே மாற்றிக் கேட்டது. அங்கே எல்லோரும் குற்றவாளிகள். சத்தம் கேட்டுவிட்டால் ஆட்டம் உடனே சண்டைக்குத் தாவ வேண்டியதில்லை. தாளில் வரைந்த வட்டத்தில் ஒரு துண்டு நிரம்பும். வட்டம் முழுசாக நிரம்பினால்தான் மாளிகை விழித்துக்கொள்ளும். 'பார்த்தான்', 'பார்க்கவில்லை' இரண்டுக்கும் நடுவே "யாரு அங்க?" என்ற ஒரு நீண்ட சந்தேகம் உண்டு என்பதை இப்படி விதியாக்கியிருப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2024 விதிகளில், எதிரியின் பார்வைக்கு அப்பால், போதிய மறைவில் இருந்துகொண்டு 15 எடுத்தால் போதும். மந்திரத்தால் மறைந்தவனுக்குக் கிடைக்கும் அதே 'கண்ணுக்குத் தெரியாத' நிலை திருடனுக்கும் கிடைக்கும். ஐம்பது வருடம் கழித்து மந்திரவாதியோடு சரிசமம். எங்கள் மேசையில் இதைப் படித்ததும் ஒருவன் எழுந்தே நின்றுவிட்டான். "அப்போ நான் விளக்கு எரியற கூடத்துக்கு நடுவுல நடந்து போலாமா?"

டன்ஜன் மாஸ்டர் புத்தகத்தை மூடி வைத்தார். "காவலாளி எந்தப் பக்கம் திரும்பி நிக்கறான்னு கேட்டியாடா நீ?"