பழந்தமிழ்ச் சுவடி வாசிப்பும் அயல்நாட்டு மாணவர்களும்

அச்சுக்கு முற்பட்ட தமிழ் எழுத்துகளை, அதாவது ஓலைச்சுவடிகளையும் கல்வெட்டுகளையும், படித்துப் பொருள் கொள்ளும் பயிற்சியே சுவடி வாசிப்பு எனப்படுகிறது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்க்கும் இது தானாக வருவதில்லை. வடசென்னையின் திருவொற்றியூர் தியாகராசர் கோயிலில் சோழர் கால எழுத்துகள் பல உள்ளன. அவற்றைக் கடந்து கோயிலுக்குள் செல்லும் பலருக்கு அது தம் மொழிதான் என்று தெரியும். ஆனால் ஒரு வரியைக்கூடப் படிக்க இயலாது. எனவே அயல்நாட்டு மாணவர்களுக்கும் நூலகர்களுக்கும் கடந்த 300 ஆண்டுகளாகச் சுவடி வாசிப்பு கற்பிக்கப்பட்ட வரலாறு தமிழ் மாணவர்களுக்கும் உரியது.

வாசிப்பில் உள்ள இடர்கள்

ஓலையில் எழுதியவர்கள் பொதுவாக மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. எகர ஏகாரமும், ஒகர ஓகாரமும் ஒரே வடிவில் எழுதப்பட்டன. துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே 'கொடு', 'கோடு' என்ற இரண்டும் ஓலையில் ஒரே தோற்றம் கொண்டவை. எது சரி என்பதை யாப்பும் பொருளுமே காட்டும். சொற்களுக்கு இடையே இடைவெளி இல்லை; பாடலும் உரைநடைபோல ஒரே தொடராக ஓடும்.

எண்கள் தமிழ்க் குறியீடுகளில் இருக்கும். மா என்பது 20இல் ஒரு பங்கு, காணி 80இல் ஒரு பங்கு, முந்திரி 320இல் ஒரு பங்கு. ஆண்டைப் பல சுவடிகள் 'பிரபவ' முதலான 60 ஆண்டுப் பெயர்களால் மட்டுமே குறிக்கின்றன. அப்பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். கொல்லம் ஆண்டும் சேர்த்து எழுதப்பட்டிருந்தால் அதனுடன் 825 கூட்டிக் காலத்தை அறியலாம். ஒரே கட்டில் பல நூல்கள் இருப்பதும் உண்டு. முதல் ஏட்டை மட்டும் பார்த்துப் பட்டியல் இட்டால் மற்றவை பெயரின்றி மறைந்துபோகும். நூலகருக்கு வாசிப்புப் பயிற்சி தேவைப்படுவது இதனால்தான்.

திருவொற்றியூர்

திருவொற்றியூர் பிற ஊரார் வந்து கற்ற இடமாகவும் இருந்தது. அங்கு இலக்கணம் கற்பிக்கவே 'வியாகரணதான வியாக்கியான மண்டபம்' என்ற மண்டபம் இருந்ததைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. சதுரானன பண்டிதர் என்ற மடத்துத் தலைவரின் வரலாறும் கல்வெட்டால் தெரியவந்ததே. கேரளத்திலிருந்து வந்த அவர் சோழ இளவரசன் இராசாதித்தனிடம் பணியாற்றினார். 949இல் தக்கோலப் போரில் இராசாதித்தன் இறந்தபின் துறவு பூண்டு திருவொற்றியூரில் தங்கினார். அந்தக் கல்லைப் படிக்கத் தெரிந்த ஒருவர் இல்லாதிருந்தால் இச்செய்தி நமக்குக் கிடைத்திருக்காது.

தரங்கம்பாடியும் சென்னையும்

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த செருமானியர் சீகன்பால்கு, உள்ளூர்த் திண்ணைப் பள்ளி ஆசிரியரிடம் சிறுவர்களோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் பயின்றார். இரண்டே ஆண்டுகளில், 1708இல், தாம் சேர்த்த தமிழ்ச் சுவடிகளுக்கு விளக்கக் குறிப்புகளுடன் ஒரு பட்டியல் எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அதில் 119 தமிழ் நூல்கள் இடம்பெற்றன.

சென்னையில் துறைமுகம் கட்டப்படும் முன் கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டு நிற்கும். பயணிகள் மசூலாப் படகுகளில் அலையைக் கடந்து கரை சேர்வர். கிழக்கிந்தியக் கம்பெனியின் இளம் அலுவலர்களும் அவ்வாறே வந்து இறங்கினர். அவர்களுக்குத் தென்னிந்திய மொழிகளைக் கற்பிக்க 1812இல் எல்லிசு முயற்சியால் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கப்பட்டது. தமிழில் இது சென்னைக் கல்விச் சங்கம் எனப்பட்டது. தாண்டவராய முதலியார், முத்துசாமிப் பிள்ளை முதலியோர் அங்குப் பணிபுரிந்தனர். பாடத்திற்கு ஏற்ற உரைநடை நூல்கள் குறைவாக இருந்ததால் தாண்டவராய முதலியாரின் 'பஞ்சதந்திரம்' 1826இல் அச்சானது. வீரமாமுனிவரின் ஏடுகளைத் தேட முத்துசாமிப் பிள்ளையை எல்லிசு அனுப்பினார். அயல்நாட்டவருக்காகத் தொடங்கிய கல்லூரி இவ்வாறு தமிழ்ப் பதிப்பு முயற்சிக்கும் துணையாயிற்று. 1854இல் அது மூடப்பட்டது.

பாரிசிலிருந்து திரும்பிய ஏடு

புதுச்சேரியில் பணியாற்றிய ஏரியல் சேர்த்த தமிழ்ச் சுவடிகள் பாரிசு தேசிய நூலகத்தை அடைந்தன. பாரிசில் தமிழ் கற்பித்த சூலியன் வின்சோன், சீவகசிந்தாமணிப் பதிப்பைக் கண்டு உ. வே. சாமிநாதையருக்குக் கடிதம் எழுதினார். அங்கிருந்த 'வில்லைப் புராணம்' ஏட்டை வின்சோனின் மாணவர் ஒருவர் படியெடுத்து அனுப்பினார். ஓலை பாரிசில் இருந்தால் மட்டும் போதாது. அதைப் படித்து எழுதத் தெரிந்த மாணவர் அங்கே இருந்ததால்தான் நூல் தமிழ்நாட்டிற்குத் திரும்பியது.

இங்கிலாந்தில் பார்னெட்டும் ஜி. யு. போப்பும் தொகுத்த பிரித்தானிய அருங்காட்சியகத் தமிழ் நூற்பட்டியல் 1909இல் வெளிவந்தது.

நொபொரு கராசிமா

ஜப்பானிய வரலாற்றாசிரியர் நொபொரு கராசிமா (1933–2015) 1960களில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். தமிழ்க் கல்வெட்டுகளை நேரடியாகப் படிக்கவும் கற்றார். திருச்சி வட்டாரத்து அல்லூர், ஈசானமங்கலம் கல்வெட்டுகளை ஒப்பிட்டு, பிராமணர் ஊரிலும் பிற ஊரிலும் நிலவுடைமை வேறுபட்டிருந்ததை எடுத்துக்காட்டினார். எ. சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகியோருடன் சோழர் கல்வெட்டுப் பெயர்களின் சொல்லடைவை 1978இல் வெளியிட்டார். தோக்கியோப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த அவருக்கு 2013இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இன்றைய பயிற்சி

புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு தூரகிழக்கு ஆய்வுப் பள்ளி, செவ்வியல் தமிழ் படிக்க விரும்பும் பிறநாட்டு மாணவர்களுக்கு ஆண்டுதோறும் பயிலரங்கு நடத்திவந்துள்ளது. தி. வே. கோபாலையர் (1926–2007) போன்ற மரபுவழிப் புலவர்களிடம் மாணவர்கள் பாடலையும் உரையையும் சொல் சொல்லாகப் பிரித்துக் கற்றனர். ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தின் ஏவா வில்டன் தலைமையில் 2014 முதல் 2019 வரை நடந்த திட்டம் தமிழ்ச் சுவடிகளிலிருந்து அச்சுக்கு நூல்கள் மாறிய வழியை ஆராய்ந்தது. பாரிசு, ஹாம்பர்க் நூலகங்களில் உள்ள சுவடிகளின் பாயிரம், தனிப்பாடல், முடிவுக் குறிப்பு ஆகியவையும் தனியே ஆராயப்பட்டுள்ளன. எழுதியவர் பெயரும், உரிமையாளர் பெயரும், எழுதி முடித்த நாளும் பெரும்பாலும் முடிவுக் குறிப்பிலேயே இருக்கும்.

இப்போது பல சுவடிகளின் படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. ஆனால் படம் எடுப்பது வேறு, படிப்பது வேறு. படிக்கத் தெரிந்த மரபுவழிப் புலவர்கள் குறைந்துவரும் நிலையில், ஹாம்பர்க் மாணவரும் திருவொற்றியூர் மாணவரும் புள்ளியில்லாத அதே எழுத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். இதற்குத் தமிழ்நாட்டிலும் வழி உண்டு. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஓலைச்சுவடித் துறை உள்ளது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை கல்வெட்டியல் பயிற்சி அளிக்கிறது. திருவொற்றியூர் மாணவருக்கு ஒரு வசதி கூடுதல்: அவர் படித்துப் பழக வேண்டிய கல் அவருடைய ஊர்க் கோயிலிலேயே இருக்கிறது.