முட்டைக்கு வீடு கட்டினார்கள், ஆற்றை மறந்தார்கள்



குளத்தில் மீன்குஞ்சு விட்ட செய்தியைப் பற்றி வகுப்பில் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் கேட்டான்: "சேர், இப்படி வருஷா வருஷம் குஞ்சு விட்டா மீன் குறையவே மாட்டாதுதானே?"

அதே எண்ணத்தை 150 வருடத்துக்கு முன் ஒரு பெரிய நாடே நம்பியது. அந்தக் கதையைத்தான் அவனுக்குச் சொன்னேன். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

கடையில் மீன் டின்னை 'செமன்' என்று கேட்கிறோமே, அந்தப் பெயருக்குச் சொந்தக்கார மீன் சல்மன். நம் டின்னுக்குள் பெரும்பாலும் இருப்பது வேறு மீன். சல்மன் ஆற்றில் பொரித்து, கடலுக்குப் போய் வளர்ந்து, சில வருடங்களில் பிறந்த ஆற்றையே தேடி வந்து முட்டையிடும். பசிபிக் கரையின் சினூக் சல்மன் அதோடு இறந்தும் போகும்.

1871இல் அமெரிக்க அரசு மீன்வள ஆணைக்குழு ஒன்றை அமைத்தது. தலைவர் ஸ்பென்சர் பெயர்ட் என்ற விஞ்ஞானி. கிழக்குக் கரை ஆறுகளில் அணைக்கட்டாலும் ஆலைக் கழிவாலும் அளவில்லாத மீன்பிடியாலும் மீன் அற்றுப்போய்க்கொண்டிருந்தது. 1872இல் அவர் லிவிங்ஸ்டன் ஸ்டோன் என்பவரைக் கலிபோர்னியாவின் மெக்கிளவுட் ஆற்றுக்கு அனுப்பினார். தேவாலயப் போதகராக இருந்து மீன் வளர்ப்புக்கு வந்தவர் ஸ்டோன்.

வேலை இதுதான்: சினைமீனின் வயிற்றை மெல்ல அழுத்தி முட்டை எடுப்பது, ஆண் மீனின் விந்தோடு கலப்பது, குளிர்ந்த ஓடும் நீரில் தட்டுகளில் வைத்துக் காப்பது. ஆற்றில் வெள்ளத்துக்கும் மற்ற மீன்களுக்கும் போகும் முட்டைகளில் பெரும்பங்கு இங்கே தப்பிவிடும். முட்டைகளைப் பாசியில் பொதிந்து தூர தேசங்களுக்கும் அனுப்பினார்கள்.

அந்த ஆறு வின்னிமம் வின்டு என்ற பூர்வகுடி மக்களின் தாய்நிலம். சல்மன் அவர்களுக்கு உணவு மட்டுமல்ல, உறவும்கூட. முதலில் அவர்கள் எதிர்த்தார்கள். பிறகு பலர் அந்த நிலையத்திலேயே வேலை செய்தார்கள்.

பலன் இரண்டு விதமாக வந்தது. கிழக்குக் கரை ஆறுகளில் விட்ட சினூக் நிலைக்கவில்லை. ஆனால் 1901 முதல் 1907 வரை நியூசிலாந்துக்குப் போன முட்டைகள் பிழைத்தன. வைடாகி, ரகாயா போன்ற ஆறுகளில் அந்த மீன் தானாகவே பெருகியது. இன்றும் தூண்டில்காரர்கள் அதைத் தேடி அங்கே போகிறார்கள். மெக்கிளவுட்டிலிருந்து வானவில் டிரவுட் முட்டைகளும் பல இடங்களுக்குப் போயின. நம் ஹோர்டன் சமவெளி ஓடைகளிலும் அந்த இன மீன் உண்டு. வெள்ளைக்காரத் தோட்டத்துரைமார் தூண்டில் பொழுதுபோக்குக்காகக் கொண்டுவந்த இனம் அது.

தவறு எங்கே நடந்தது? மீன்பிடிச் சட்டம் போட்டு மல்லுக்கட்டுவதைவிடக் குஞ்சு பொரித்து விடுவது மலிவு, அப்போது கட்டுப்பாடே தேவைப்படாது என்று 1875இல் பெயர்ட் ஆலோசனை சொன்னார். கேட்க இனிமையான பேச்சு. எல்லோரும் நம்பினார்கள். ஆறு கெட்டாலும் பரவாயில்லை, பொரிப்பகம் இருக்கிறதே என்ற தைரியம் வந்தது.

இருபது வருடம் முட்டையோடு வாழ்ந்த ஸ்டோனுக்கே அந்த நம்பிக்கை போய்விட்டது. சல்மனுக்கு மனிதன் தொடாத ஒரு புகலிடம் வேண்டும் என்று 1892இல் அவர் வாதாடினார். அதே வருடம் அலாஸ்காவின் அஃபோக்னாக் தீவு ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது.

ஆனால் மெக்கிளவுட் தப்பவில்லை. 1938இல் தொடங்கி 1945இல் முடிந்த ஷாஸ்டா அணை மீனின் வழியை அடைத்தது. ஸ்டோனின் பழைய நிலையம் இருந்த இடமும் வின்டு மக்களின் ஊர்களும் நீருக்குள் போயின. மாரியில் ஆறேறி வந்து கோடையில் முட்டையிடும் சினூக் இனத்துக்கு மலையடி ஊற்றின் குளிர்நீர் வேண்டும். அது கிடைக்காமல் 1990களின் தொடக்கத்தில் ஒரு வருடத்தில் 200க்கும் குறைவான மீன்களே திரும்பின.

அப்போது கைகொடுத்ததும் ஒரு பொரிப்பகம்தான். அணையின் காலடியில் கட்டினார்கள், லிவிங்ஸ்டன் ஸ்டோன் என்றே பெயர் வைத்தார்கள். 2014 வரட்சியில் ஆற்று நீர் சூடேறி முட்டையும் குஞ்சுமாக ஏறத்தாழ 95 வீதம் அழிந்தபோது, அங்கே வழமையைவிட மூன்று மடங்கு, சுமார் 6 இலட்சம் குஞ்சுகளை வளர்த்து விட்டார்கள். அது இல்லாவிட்டால் அந்த வருடத்துத் தலைமுறையே கிட்டத்தட்ட போயிருக்கும்.

2010இல் வின்டு மக்கள் நியூசிலாந்துக்கே போய், ரகாயா ஆற்றங்கரையில் அந்த மீன்களிடம் மன்னிப்புக் கேட்டு ஆடினார்கள். 2022இல், எண்பது வருடத்துக்குப் பின், சினூக் முட்டைகள் மெக்கிளவுட் ஆற்றுக்கே திரும்பக் கொண்டுபோகப்பட்டன. அந்த வேலையில் அம்மக்களும் பங்காளிகள்.

என் மாணவனுக்கு நான் சொன்ன பதில்: "மகன், பொரிப்பகம் என்பது ஆஸ்பத்திரி மாதிரி. ஆபத்தில் உயிரைக் காப்பாற்றும். ஆனா யாரும் ஆஸ்பத்திரியிலேயே குடியிருக்க ஏலாது. திரும்பிப் போக வீடு வேணும்."

நம் குளத்தில் குஞ்சு விடுவது நல்ல காரியம். அந்தக் குஞ்சு வளரும் முன்னே சின்னக்கண் வலையால் அள்ளினால், கரையை நிரப்பிக் குப்பை கொட்டினால், அடுத்த வருடம் விடும் குஞ்சுக்கும் அதே கதிதான். உங்கள் பக்கத்துக் குளம் இப்போது எப்படி இருக்கிறது? கீழே எழுதுங்கள்.