கப்பல்கள் வந்தன, கணக்கு வரவில்லை

1994 ஏப்பிரலில் தென்னாபிரிக்கக் கறுப்பின மக்கள் வாக்குச்சாவடிகளின் முன்னே நெடுவரிசையில் நின்ற காட்சி, விடுதலையை நேசிக்கும் எவருக்கும் மறத்தற்கரியது. நிறவெறி ஆட்சியைப் பல தசாப்தங்களாக எதிர்த்து நின்ற ஆபிரிக்கத் தேசிய காங்கிரஸ் அன்று அரசு கட்டிலேறியது. வீடும் குடிநீரும் பள்ளிக்கூடமும் தருவோம் என்று அது மக்களுக்கு வாக்களித்தது. ஆனால் ஐந்து ஆண்டுகள் சென்றபின், எல்லையில் பகைவர் எவரும் நில்லாத காலத்தில், ஏறத்தாழ 3,000 கோடி ராண்ட் பெறுமதியான ஆயுதக் கொள்வனவுக்கு அதே அரசாங்கம் 1999 டிசெம்பரிற் கையொப்பமிட்டது.

ஜேர்மனியிலிருந்து நான்கு போர்க்கப்பல்களும் மூன்று நீர்மூழ்கிகளும், பிரித்தானியாவிலும் சுவீடனிலுமிருந்து போர் விமானங்களும், இத்தாலியிலிருந்து ஹெலிகொப்டர்களும் வாங்கப்பட்டன. கப்பல்களின் போர்க்கருவித் தொகுதியில் பிரெஞ்சு நிறுவனமான தொம்சனும் பங்கு பெற்றது. ஆயுதம் விற்போர் பதிலுக்கு 10,400 கோடி ராண்ட் அளவான பொருளாதார நன்மைகளையும் 65,000 வேலைகளையும் அளிப்பர் என்று மக்களுக்குச் சொல்லப்பட்டது. பயிற்சி விமானத்தைத் தெரிவு செய்தபோது விலை என்ற அளவுகோலே ஒதுக்கி வைக்கப்பட்டது. மலிவான இத்தாலிய விமானத்தைத் தள்ளிப் பிரித்தானியாவின் ஹோக் தெரிவாயிற்று. வறியவன் சந்தையிற் கத்தரிக்காய் வாங்கும்போதும் விலை கேட்கிறான். வறிய நாடொன்று விமானம் வாங்கும்போது விலை கேட்கலாகாது என்பது எந்தப் பொருளியல்?

இவ்வொப்பந்தங்களில் இலஞ்சம் கைமாறியது என்ற குற்றச்சாட்டை 1999 செப்டெம்பரிலேயே பாராளுமன்றத்தில் எழுப்பியவர் எதிர்க்கட்சி உறுப்பினரான பற்றீசியா டி லில். அடுத்த ஆண்டு கணக்காய்வாளர் நாயகமும் கொள்வனவு முறைகளில் வழுக்கள் உள என்று சுட்டினார். பாராளுமன்றத்தின் அரசாங்கக் கணக்குக் குழு முழுமையான விசாரணை கோரியது; நீதிபதி ஹீத்தின் விசேட புலனாய்வுப் பிரிவும் அதிற் சேரவேண்டும் என்றது. ஜனாதிபதி தாபோ ம்பெக்கி 2001 ஜனவரியில் அதனை மறுத்தார். அக்குழுவில் ஆளுங்கட்சியினருக்குத் தலைமை தாங்கி விசாரணைக்காக வாதாடிய அன்ட்ரூ பைன்ஸ்ரைன் அப்பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டார். அவ்வாண்டிலேயே பாராளுமன்றப் பதவியையும் துறந்தார். 2001 நவம்பரில் வெளியான கூட்டு விசாரணை அறிக்கை குறைகள் சிலவற்றை ஒப்புக்கொண்டபோதும், அரசாங்கம் தவறிழைக்கவில்லை என்று கூறி முடித்தது.

இதே காலத்தில் அந்நாட்டிலே எயிட்ஸ் நோய் குடும்பங்களைச் சூறையாடிக்கொண்டிருந்தது. மருந்தின் பயனையும் பாதுகாப்பையும் ஐயுற்ற அரசாங்கம், செலவையும் காரணங்காட்டித் தயங்கியது. தாயிடமிருந்து குழந்தைக்கு நோய் தொற்றாது தடுக்கும் மருந்தை அரசாங்க மருத்துவமனைகளில் வழங்குமாறு 2002 இல் அரசியலமைப்பு நீதிமன்றம் ஆணையிட வேண்டியதாயிற்று. நீர்மூழ்கிக்குப் பணம் தேடத் தெரிந்த அரசுக்கு, பிறக்கும் சிசுவுக்கு மருந்தளிக்க நீதிமன்றத்தின் கட்டளை தேவைப்பட்டது! ஆயுத ஊழலைப் பணத் திருட்டு என்று மாத்திரம் கருதுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தண்டனை பெற்றவர்கள் யாவர்? ஆளுங்கட்சியின் கொறடாவாயிருந்த டோனி யெங்கெனி, சொகுசுக் கார் ஒன்றைப் பெரும் விலைக்கழிவிற் பெற்றதை மறைத்தமைக்காக 2003 இல் நான்காண்டுத் தண்டனை பெற்றார். சிறையிலிருந்தது சில மாதங்களே. உப ஜனாதிபதி ஜேக்கப் ஸூமாவின் நிதி ஆலோசகரான ஷபீர் ஷேக்குக்கு 2005 இல் பதினைந்து ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. பிரெஞ்சு நிறுவனத்திடம் ஸூமாவுக்கென ஆண்டுதோறும் ஐந்து இலட்சம் ராண்ட் கேட்கப்பட்டதும் அவ்வழக்கிலே வெளிவந்தது. ஷேக்கோ நோயைக் காரணங்காட்டி 2009 இல் விடுதலையானார்.

ஸூமா 2005 இற் பதவி நீக்கப்பட்டார். எனினும் 2007 இற் கட்சித் தலைமையைக் கைப்பற்றினார். அவரைத் தலைவராக்கிய அதே மாநாடு, அவரை விசாரித்த ‘தேள்கள்’ எனப்பட்ட புலனாய்வுப் பிரிவைக் கலைக்கவும் தீர்மானித்தது. 2009 ஏப்பிரலில் அவர்மீதான குற்றச்சாட்டுகள் மீளப் பெறப்பட்டன. மே மாதத்தில் அவர் ஜனாதிபதியானார். அவர் 2011 இல் நியமித்த செரிட்டி ஆணைக்குழு, நான்காண்டுகள் அமர்ந்து, ஊழலுக்குச் சான்றில்லை என்றது. முறையான விசாரணையே நடைபெறவில்லை என்று கூறி, 2019 இல் மேல் நீதிமன்றம் அம்முடிவுகளைத் தள்ளுபடி செய்தது. அதற்கு வழக்காடியவை மக்கள் அமைப்புகள் என்பது மனங்கொள்ளத்தக்கது. ஸூமாமீதான குற்றச்சாட்டுகளும் நீதிமன்றப் போராட்டத்தின் பின்னரே 2018 இல் மீண்டும் உயிர்பெற்றன. 2021 இல் அவரும் அப்பிரெஞ்சு நிறுவனமும் தாம் குற்றவாளிகளல்லர் என்று மன்றிற் கூறினர்.

வாங்கிய கையைப் பற்றிப் பேசும் உலகம், கொடுத்த கையைப் பற்றி மௌனம் சாதிக்கின்றது. பிரித்தானியாவின் பி.ஏ.ஈ. நிறுவனம் 2010 இல் அந்நாட்டு அதிகாரிகளுடன் செய்துகொண்ட இணக்கம், தன்சானியாவுக்கு விற்ற ராடார் தொடர்பான கணக்குப் பதிவுக் குற்றத்தோடு நின்றது. தென்னாபிரிக்க விவகாரத்தை அவர்கள் மேலும் தொடரவில்லை. ஆபிரிக்க அரசியல்வாதியின் ஊழலை ஏளனஞ் செய்யும் ஐரோப்பியப் பத்திரிகைகளின் கண்ணெதிரே, ஐரோப்பிய மூலதனம் கை கழுவிக்கொண்டது.

ஆயினும் ஏகாதிபத்தியத்தைச் சாடிவிட்டு அமைவது இடதுசாரிகளாகிய நமக்கு அழகன்று. சிறையும் சித்திரவதையும் கண்ட ஓர் இயக்கமே இவ்வொப்பந்தங்களைச் செய்தது. அதன் தியாகம் மெய்யானது. ஆனால் தியாகத்தை முன்வைத்து மக்களின் பணத்துக்குக் கணக்கு மறுப்பது, அத்தியாகத்தையே விலை பேசுவதாகும். நாட்டின் பாதுகாப்பு என்ற திரை, நட்புச் சக்தி என்ற உறவு, எதிரிக்கு வாய்ப்பளிக்கலாகாது என்ற அச்சம் ஆகிய மூன்றும் விசாரணைக்குக் குறுக்கே நிற்பவை. இம்மூன்றையும் விலக்கும் துணிவு நமக்கு வேண்டும். விசாரிக்கப்படுபவரே விசாரிப்பவரை நியமிக்கும் முறை ஒழிதல் வேண்டும்; அறிக்கைகள் மக்கள் முன் வைக்கப்படல் வேண்டும்; இலஞ்சம் கொடுத்த நிறுவனமும் பெற்றவருடன் ஒரே கூண்டில் நிற்றல் வேண்டும். வாக்குச்சாவடி வரிசையில் நின்ற மக்கள் கேட்ட ஆட்சி அத்தகையதே.