பாவ்லோவின் ஆய்வுகூடமும் மணியோசைக் கதையும்

கற்றல் பற்றிய உளவியற் கொள்கைகளைப் பயிலப் புகுவோர்க்கு முதற்கண் காட்டப்படும் படம் ஒன்றுண்டு. மணி ஒலிக்கின்றது, நாயின் வாயில் உமிழ்நீர் ஊறுகின்றது. பரீட்சை விடைத்தாளிலே இது நாலைந்து வரிகளுள் அடங்கிவிடும். யானும் அவ்வாறே எழுதியுள்ளேன். ஆயின் அப்படத்திலே காலமும் இல்லை, இடமும் இல்லை. அந்நாய் எந்நகரத்தில் நின்றது, அதற்கு உணவிட்டவர் யாவர், அவர்தம் வீட்டில் அன்று உணவிருந்ததா என்னும் வினாக்கள் உளவியல் மாணவனுக்கு வேண்டாதனவாகத் தோன்றலாம். வரலாற்று மாணவனுக்கு அவ்வாறன்று.

இவான் பாவ்லோவ் 1849 ஆம் ஆண்டில் ருசியாவின் றியசான் நகரிலே ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்தவர். சமயக் கல்லூரியை இடைநடுவில் விட்டு 1870 இல் சென் பீற்றர்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து, பின்னர் அந்நகரின் பரிசோதனை மருத்துவ நிறுவகத்திலே உடற்றொழிலியற் பகுதிக்குத் தலைவரானார். அவர் அங்கே ஆராய்ந்தது கற்றலையன்று; சமிபாட்டையே. நாயின் உணவுக்குழாயை அறுத்துக் கழுத்தின் புறத்தே திறந்துவிடுவர். நாய் உண்ணும், உண்டது வயிற்றை எட்டாது வெளியே விழும், எனினும் இரைப்பைச் சாறு சுரக்கும். அச்சாற்றைச் சேகரித்து வடித்துக் குப்பிகளில் அடைத்துச் சமிபாட்டுக் குறைபாடுள்ளோர்க்கு மருந்தாக விற்றனர் என்பதும், அவ்வருவாய் ஆய்வுகூடத்திற்குப் பெரிதும் உதவிற்று என்பதும் பாடநூல்கள் கூறாத செய்திகள். சமிபாட்டு ஆய்வுகளுக்காகவே 1904 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

உணவு வாயிற்படுமுன்னரே, அதனைக் கண்ட அளவில் நாய்க்கு உமிழ்நீர் சுரந்தமை தொடக்கத்தில் ‘உளச்சுரப்பு’ எனப்பட்டது. இதனை எவ்வாறு விளக்குவது என்பதிலேதான் ஆய்வுகூடத்துள் பிளவு தோன்றியது. உமிழ்நீர்ச் சுரப்பிகளை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் வுல்ப்சன். அவர்க்குப்பின் வந்த ஸ்னார்ஸ்கி, நாய்க்கும் எண்ணமும் விருப்பமும் உண்டெனக் கொண்டு உளவியல் மொழியிலேயே விளக்கமளித்தார். பாவ்லோவ் அதனை ஏற்றிலர். நாயின் உள்ளத்தினுள் நாம் புகுந்து பார்க்க இயலாதாகையால், புறத்தே அளக்கத்தக்க துளிகளை மட்டுமே எண்ணுவோம் என்பது அவர் நிலை. 1902 இல் ஹெல்சிங்கி மாநாட்டிலே தொலோசினோவ் இப்புதிய ஆய்வுகளை அறிவித்தார். 1903 இல் மட்ரிட் நகரிற் கூடிய சர்வதேச மருத்துவ மாநாட்டிலே பாவ்லோவ் தாமே உரையாற்றினார்.

மணியைப் பற்றியும் ஒன்று கூறுதல் வேண்டும். அவ்வாய்வுகூடத்திலே பெரிதும் வழங்கிய தூண்டிகள் தாளமானி, மின்னதிரி, ஆர்மோனியம், ஒளி, தோலைத் தொடும் கருவி முதலியனவே. மணி அருகியே வழங்கிற்று. துலங்கலைத் துளிக்கணக்கில் அளப்பவர்க்குத் தூண்டியையும் நுட்பமாகக் கட்டுப்படுத்தல் இன்றியமையாதது. தாளமானியின் அடிகளை நிமிடத்திற்கு இத்தனை என வரையறுக்கலாம், கைமணியை அவ்வாறு வரையறுத்தல் அரிது. தாளமானி ஒலித்தபின் உணவு தருவதையே பாவ்லோவ் மீளவலியுறுத்தல் என்றார். உணவு தொடர்ந்து வராதுவிடின் தெறிவினை படிப்படியாக மறையும்.

1917 இன் பின் உணவு வராதுபோனது நாய்களுக்கு மட்டுமன்று. உள்நாட்டுப் போரின்போது பெத்ரோகிராட் நகரம் பட்டினியில் ஆழ்ந்தது. ஆய்வுகூட நாய்கள் பல மடிந்தன. எஞ்சியவை மெலிந்து, முன்பு கற்ற தெறிவினைகளையும் இழந்தன. ஊட்டமிழந்த உடலில் மீளவலியுறுத்தல் பயன்தராது என்பதை இவர்கள் திட்டமிட்டுக் கண்டறிந்திலர். பஞ்சமே அதனைக் காட்டிற்று. 1920 இல் அங்கு சென்ற எச். ஜி. வெல்ஸ், பழைய மேலங்கியணிந்த பாவ்லோவைத் தாமே பயிரிட்ட உருளைக்கிழங்கும் கரட்டும் குவிந்த அறையிலே கண்டதாக எழுதியுள்ளார். அவ்வாண்டில் பாவ்லோவ் நாட்டை விட்டு வெளியேற அனுமதி வேண்டினார். அதற்கு விடையாக, 1921 சனவரி 24 ஆம் திகதி லெனின் கையொப்பமிட்ட ஆணை அவருக்குச் சிறப்புணவுப் பங்கீடும் ஆய்வுகூட வசதிகளும் வழங்கிற்று. அவர் வெளியேறவில்லை. இதனையும் மீளவலியுறுத்தல் என்று கூறிவிடத் தோன்றும். ஆயின் அது பொருந்தாது: அதன் பின்னரும் அவர் அரசை வெளிப்படையாகக் கண்டித்தே வந்தார்.

1924 செப்டெம்பர் 23 ஆம் திகதி நேவா நதி பெருக்கெடுத்து, அவ்வாண்டிலேதான் லெனின்கிராட் எனப் பெயர் மாற்றப்பட்ட அந்நகருட் புகுந்தது. தாழ்நிலத்திலிருந்த நாய்க்கூடுகளை நீர் சூழ்ந்தது. கூட்டின் கதவுகளோ கீழே இருந்தன. கூரையருகே தலையை உயர்த்தி மிதந்த நாய்களைப் பணியாளர் நீருள் அமிழ்த்தி இழுத்தே மீட்டனர். பின்னர் அவற்றைச் சோதித்தபோது, சிலவற்றில் நெடுங்காலம் நிலைத்திருந்த தெறிவினைகள் அற்றுப்போயிருந்தன. வேறு சிலவற்றில் எவ்வித மாற்றமும் காணப்படவில்லை. பாதிப்புற்ற நாயொன்று மெல்லத் தேறியபின், ஸ்பெரான்ஸ்கி என்னும் உதவியாளர் சோதனையறைக் கதவின் கீழாகச் சிறிதளவு நீரை ஓடவிட்டார். நாய் துள்ளியெழுந்து தரையையே நோக்கித் தவித்தது. தெறிவினைகள் மீண்டும் மறைந்தன. ஒரே வெள்ளம், ஒரே கூடு, ஒரே மீட்பு. விளைவோ நாய்க்கு நாய் வேறுபட்டது. நாய்களை நரம்புத்தொகுதியின் இயல்புக்கேற்ப வகைப்படுத்தும் ஆய்வை ஏலவே தொடங்கியிருந்த பாவ்லோவுக்கு, இவ்வேறுபாடு புறக்கணிக்கவொண்ணாத சான்றாயிற்று.

பாவ்லோவின் விரிவுரைகளை அவர் மாணவரான அன்றெப் 1927 இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். பாவ்லோவ் ஆண்ட ருசியச் சொல் ‘நிபந்தனையைச் சார்ந்த’ என்னும் பொருளது. நிபந்தனை உள்ளவரையே நிற்கும், நீங்கின் நீங்கும் என்பது அதன் குறிப்பு. ஆங்கிலத்தில் நிலைபெற்ற வடிவமோ ‘நிபந்தனைப்படுத்தப்பட்ட’ எனச் செயப்பாட்டுவினையாயிற்று. செய்து முடிக்கப்பட்டதொரு பொருள் போன்ற தோற்றத்தை அது தந்தது. எமது ‘நிபந்தனைத் தெறிவினை’ என்னும் தொடர் மூலத்துக்கு அண்மையிலுள்ளது. ‘நிபந்தனைப்படுத்தல்’ என்று நாம் பெரிதும் வழங்குவதோ ஆங்கிலத்தின் வழிவந்தது. ஐக்கிய அமெரிக்காவில் 1913 இலேயே நடத்தைவாதத்தை அறிவித்திருந்த வொட்சனுக்கும், 1898 இல் பூனைகளைப் புதிர்ப்பெட்டியில் அடைத்து ஆராய்ந்த தோண்டைக்கின் வழியைத் தொடர்ந்து 1938 இல் தம் முதல் நூலை வெளியிட்ட ஸ்கின்னருக்கும், மாற்றத்தக்க நடத்தையே வேண்டியிருந்தது. நாயின் தனியியல்பு அத்துணை வேண்டியிருக்கவில்லை. அன்றெப்பின் மொழிபெயர்ப்பிலே வெள்ளமும் உண்டு. கதவின் கீழ் ஓடிய நீரும் உண்டு. பாடநூலாசிரியர்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்டது உமிழ்நீரை மட்டுமே. அருகியே வழங்கிய மணியைத் தாமே முதன்மைப்படுத்தினர்.