ஹாட்ஜ்சன் அறிக்கை: உதகைச் சாட்சியும் உடைந்த தட்டும்

பிரம்மஞான சபையின் நிறுவனர்களுள் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையாரைச் சுற்றி நிகழ்ந்ததாகக் கூறப்பட்ட அற்புதங்களை ஆராய்ந்து, 1885 டிசம்பரில் லண்டனில் வெளியானது ஹாட்ஜ்சன் அறிக்கை. அதன் முக்கியச் சாட்சிகளுள் ஒருவர் உதகமண்டலத்தில் வாழ்ந்தவர்.

1883 ஜூலையில் பிளாவட்ஸ்கி உதகைக்குச் சென்று ஜெனரல் மார்கன் இல்லத்தில் தங்கினார். ஆகஸ்டில் மார்கன் மட்டும் சென்னைக்கு வந்து, சபையின் அடையாறு தலைமையகத்தைப் பார்வையிட்டார். அங்கே சுவரோடு ஒட்டி ஒரு மரப்பேழை இருந்தது. மறைந்து வாழும் மகாத்மாக்களின் கடிதங்கள் அதில் தோன்றும் என்று நம்பப்பட்டது. இல்லப் பொறுப்பாளர் எம்மா கூலோம் பேழையின் கதவைத் திறந்தபோது பீங்கான் தட்டு ஒன்று விழுந்து உடைந்தது. துண்டுகளைத் துணியில் கட்டி உள்ளே வைத்து மூடினர். சில நிமிடங்களில் திறந்தபோது முழுத் தட்டு இருந்தது! பிளாவட்ஸ்கி அப்போது உதகையில் இருந்ததால் மார்கனின் சாட்சியம் வலுப்பெற்றது.

1884 மே மாதம் எம்மா சபையிலிருந்து வெளியேற்றப்பட்டார். செப்டம்பரில், பிளாவட்ஸ்கி தமக்கு எழுதியவை என்று அவர் கொடுத்த கடிதங்களைச் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இதழ் வெளியிட்டது. ஜெனரல் வரும்போது அற்புதம் நிகழ ஏற்பாடு செய்யுமாறு கூறும் கடிதமும் அவற்றில் இருந்தது. அவை போலியானவை என்றார் பிளாவட்ஸ்கி. மார்கனும் அவருக்காக வாதாடினார்.

அமானுஷ்ய நிகழ்வுகளை ஆராய 1882இல் லண்டனில் தோன்றிய கழகம், ரிச்சர்ட் ஹாட்ஜ்சனை அடையாறுக்கு அனுப்பியது. 1884 டிசம்பரில் வந்த அவர் ஏறத்தாழ மூன்று மாதம் விசாரித்தார். பேழை இருந்த சுவருக்கு அப்பால் பிளாவட்ஸ்கியின் அறை இருந்ததைக் குறித்தார். 1883 ஜூலையில் எம்மா ஒரே மாதிரியான இரு தட்டுகளை வாங்கியிருந்ததைச் சென்னைக் கடையொன்றின் வழியே அறிந்தார். அற்புதங்கள் மோசடியே என்று முடிவு செய்தார்.

அறிக்கைக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. ஹாட்ஜ்சன் வருமுன்பே பேழை அழிக்கப்பட்டிருந்தது. அதை அவர் பார்க்கவே இல்லை. வெளியேற்றப்பட்டவரின் சொல்லை அவர் பெரிதும் நம்பினார் என்றும் குறை கூறப்பட்டது. மார்கன்மீது எம்மா தொடுத்த அவதூறு வழக்கு திரும்பப் பெறப்பட்டதால், கடிதங்கள் நீதிமன்றத்தில் சோதிக்கப்படவில்லை. 1986இல் ஆவண ஆய்வாளர் வெர்னான் ஹாரிசன், அதே கழகத்தின் இதழிலேயே அறிக்கையைப் பக்கச்சார்பானது என்று விமர்சித்தார்.

அறிக்கையின் குறைகள் அற்புதத்துக்குச் சான்றாகிவிடா. மார்கன் பொய் சொன்னார் என்று கொள்ளவும் தேவையில்லை. அவர் கண்டது பேழையின் முன்பக்கத்தை. சுவருக்குப் பின்னால் நடந்ததை அவர் அறிய வழியில்லை. அற்புதத்திடம் சான்று கேட்பவர், தம் சான்றும் அதே அளவுகோலால் அளக்கப்பட இடம்தர வேண்டும். நூறாண்டு கழித்தும் ஹாட்ஜ்சன் அறிக்கை அவ்வாறு அளக்கப்பட்டது.